சிவப்பு மையும் திறந்த கதவும்

பூட்டிக் கிடந்தன கல்லூரியின் இரும்புக் கதவுகள்! பூட்டியவர் யார்? காவலரா? கல்லூரித் தலைவரா? படிக்க வந்த மாணவர்களே பூட்டினர். 1969ஆம் ஆண்டு, ஏப்ரல் 22ஆம் நாள். இடம், அமெரிக்காவின் நியூயார்க் நகரக் கல்லூரி. இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள், கறுப்பினத்தவரும், போர்ட்டோ ரிக்கோத் தீவிலிருந்து குடியேறியோரின் பிள்ளைகளும், தென்வளாகத்தைத் தம் வயப்படுத்திக்கொண்டு, ‘ஹார்லெம் பல்கலைக் கழகம்’ என்று அதற்குப் புதுப்பெயரும் சூட்டிவிட்டனர்.

படிக்க வந்தவர் கதவைப் பூட்டுவதா? பாடம் கெடாதா? பதறினர் பலர். நாமும் ஆசிரியத் தொழிலில் இருப்பவர். பூட்டிய வகுப்பறை என்றால் நமக்கும் மனம் துணுக்குறத்தான் செய்கிறது. ஆயினும், தோழர்களே, அந்தக் கதவுகளின் பழைய கதையைச் சற்றே புரட்டிப் பார்த்தால், பூட்டு 1969இல் புதிதாக வந்ததன்று என்பது விளங்கும்.

கல்லூரி பிறந்த கதை அழகான கதை. டவுன்செண்டு ஹாரிஸ் என்றொரு வணிகர். வறுமையால் சிறுவயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டவர். பின்னாளில் நகரக் கல்வி வாரியத்தின் தலைவரானார். மக்கள் வரிப்பணத்தில், மக்கள் பிள்ளைகளுக்காக, கட்டணம் இல்லாத ஒரு கல்லூரி வேண்டும் என்றார் அவர். ‘உழைப்பாளி மகனுக்கு உயர்கல்வி எதற்கு?’ என்று முணுமுணுத்தனர் செல்வச் சீமான்கள். 1847இல் நகர மக்களிடமே கேட்கப்பட்டது. வேண்டும் என்றோர் பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். வேண்டாம் என்றோர் அவருள் ஐந்தில் ஒரு பங்கினர்கூட இல்லை. 1849இல் கல்லூரி நடைபெறத் தொடங்கிற்று. பணக்காரன் மகனும் பாட்டாளி மகனும் ஒரே பலகையில்! மகளுக்கு? அந்தக் கேள்வியை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அக்கல்லூரியின் கலைப்பிரிவில் பெண்கள் சேர்க்கப்பட்டது 1951இல்! ‘மக்கள் அனைவரும்’ என்னும் சொல், எந்த நாட்டிலும், எவரையோ விட்டுவிட்டுத்தான் சொல்லப்படுகிறது போலும்.

இருப்பினும் பெரும்பணி ஆற்றிற்று அக்கல்லூரி. 1920களில் கொலம்பியா போன்ற பெரும் பல்கலைக் கழகங்கள், ‘யூதர் மிகுந்துவிட்டனர்’ என்று முகம் சுளித்து, அவர்கள் தொகையைக் குறைக்க வழி தேடின. கப்பலேறி வந்த ஏழை யூதரின் பிள்ளைகளைத் தாங்கிக்கொண்டது கட்டணமில்லாக் கல்லூரி. இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து கண்ட ஜோனஸ் சால்க் அதன் மாணவர். 1934இல் பட்டம் பெற்றவர். தையற்காரர் வீட்டுப் பிள்ளையும் அறிஞனாகலாம் என்று காட்டிய இடம் அது.

பிறகு ஏன் பூட்டு?

கல்லூரி நிற்பது ஒரு குன்றின் மேல். குன்றைச் சுற்றிலும் ஹார்லெம். தென்மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பி வடக்கே வந்த கறுப்பின மக்கள், முதல் உலகப் போர்க் காலம் தொட்டு, அங்கே குடியேறினர். குன்றின் மேலே கல்லூரி, கீழே குடியிருப்பு. 1960களில்கூட மேலே அமர்ந்து படித்தவருள் மிகப் பெரும்பான்மையோர் வெள்ளையர். ‘கறுப்பர் வரலாகாது’ என்று எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் வேண்டியதில்லையே! இடம் குறைவு, கேட்போர் மிகுதி. ஆகவே மதிப்பெண் வரம்பு உயரும். அடுத்த ஆண்டு மேலும் உயரும். நல்ல பள்ளியில் படித்தவன் ஏறிவிடுவான். ஹார்லெமின் நெரிசல் பள்ளியில் படித்தவன் கீழேயே நிற்பான். யாரும் அவனைத் தள்ளவில்லை; எண்தான் தள்ளிற்று. எண்ணுக்கு நிறம் உண்டா என்று கேட்டனர் எதிர்வாதம் செய்தோர். அந்தக் கல்லூரி நடக்க ஹார்லெம் மக்களும் வரி கொடுத்தனர். அந்த வரிப்பணத்துக்கும் நிறம் இல்லை!

1965இல் ஒரு சிறு சாளரம் திறந்தது. மதிப்பெண் குறைந்த ஏழைப் பகுதி மாணவர் சிலரைச் சேர்த்து, உதவித்தொகையும் தனிப் பயிற்சியும் தந்து பட்டப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் திட்டம். ‘சீக்’ என்று பின்னர் பெயர் பெற்றது. மாணவர் ஐந்து கோரிக்கைகளுடன் கதவைப் பூட்டியது அதன் பிறகுதான். நகரத்துப் பள்ளிகளில் கறுப்பினத்தவரும் போர்ட்டோ ரிக்கோவினரும் எந்த விகிதத்தில் உள்ளனரோ, அதே விகிதம் கல்லூரியிலும் வேண்டும் என்பதே ஊரெல்லாம் பேசப்பட்ட கோரிக்கை. நாம் நின்று பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ‘சீக்’ திட்டத்தில் ஆசிரியரை அமர்த்துவதிலும் நீக்குவதிலும் எங்கள் குரலும் வேண்டும் என்றனர். ஆசிரியப் பயிற்சி பெறுவோர் எங்கள் வரலாற்றையும் ஸ்பானிய மொழியையும் கட்டாயம் கற்க வேண்டும் என்றனர். ஐந்தில் இரண்டு ஆசிரியரைப் பற்றியவை! கதவு திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நிற்பவர் யார் என்பதும் பொருட்டு என்று அந்த இளைஞர் உணர்ந்திருந்தனர்.

கல்லூரித் தலைவர் பியூல் கல்லகர், முன்னர் அலபாமாவில் கறுப்பினத்தார் கல்லூரி ஒன்றுக்குத் தலைமை தாங்கியவர். காவலரை அழைக்காமல் பேசித் தீர்க்க முயன்றார். தேர்தல் காலம், அரசியல்வாதிகள் விடுவரா? நீதிமன்றம் சென்று ஆணை பெற்றனர். கதவுகள் திறக்கப்பட்டன, கைகலப்பு மூண்டது, கல்லகர் பதவி துறந்தார். புதிதாகச் சேர்வோரில் பாதிப்பேரை மதிப்பெண் கொண்டும், மறுபாதியை ஏழைப் பகுதிப் பள்ளிகளிலிருந்தும் எடுப்பதென்று ஓர் உடன்பாடு பேசப்பட்டது. அதை வேண்டாம் என்றது யார்? ஆசிரியர் பேரவை! இதை எழுதும்போது கை தயங்கவே செய்கிறது. எனினும் வரலாறு அதுதான்.

முடிவில் உயர்கல்வி வாரியம் ஜூலையில் வேறு வழி கண்டது. பள்ளியிறுதி தேறிய ஒவ்வொருவருக்கும் நகரப் பல்கலைக் கழகத்தில் ஓர் இடம். 1975இல் செய்ய எண்ணியிருந்ததை 1970இலேயே செய்வது. 1969இல் புதிதாகச் சேர்ந்தோர் ஏறத்தாழ 20,000; 1970இல் ஏறத்தாழ 35,000! கட்டடம் போதாமல் வாடகைக்கு இடம் பிடித்தனர். மற்றொரு வியப்பு: புதிதாக வந்தோரில் பெருந்தொகையினர் வெள்ளையர், இத்தாலிய, ஐரிஷ் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் அதுகாறும் வெளியே நின்றவர்களே. போராடியவர் ஒருவர், பயன் பெற்றவர் எல்லாரும். முழு நிறைவு என்று சொல்வதற்கில்லை. மதிப்பெண் மிக்கோர் நான்காண்டுக் கல்லூரிக்கும், குறைந்தோர் ஈராண்டுக் கல்லூரிக்குமாகப் பிரித்தே அனுப்பப்பட்டனர்.

எழுந்தது கூக்குரல்! தரம் போயிற்று, தகுதி போயிற்று, கல்வியே செத்தது! ‘கல்வியின் முடிவு’ என்றே நூல் எழுதினார் அங்கிருந்த ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர். தகுதி, திறமை என்னும் சொற்கள் நம் காதுக்குப் புதியன அல்ல. எந்த நாட்டில் எந்தக் கதவு திறந்தாலும், முதலில் வெளியே வருவன இவ்விரண்டுமே.

ஆனால் அந்தக் கூக்குரலில் ஓர் உண்மையும் இருந்தது. வந்த மாணவர் பலருக்கு ஒரு பக்கம் பிழையின்றி எழுத வரவில்லை. இதை மறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. எழுத வராதவனை என்ன செய்வது? இங்கேதான் வருகிறார் மினா ஷாக்னசி.

தெற்கு டக்கோட்டாவின் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்த பெண்மணி. தந்தை சுரங்கத் தொழிலாளி, தாய் பள்ளி ஆசிரியை. முனைவர் பட்டம் பெறாதவர். 1967இல் ‘சீக்’ திட்டத்தில் ஆங்கிலம் கற்பிக்க வந்தார். ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டான், ஏட்ரியன் ரிச் போன்ற கவிஞர்களும் அத்திட்டத்தில் பாடம் நடத்தினர். புதியவர் வெள்ளமென வந்தபோது, அவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 நுழைவுக் கட்டுரைகளைப் பொறுமையோடு படித்தார் ஷாக்னசி. மற்றவர் சேறு கண்ட இடத்தில் அவர் தடம் கண்டார். ஒரே மாணவனின் பிழைகள் ஒரே வகையில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அவன் மனத்தில் ஏதோ ஒரு விதி இருக்கிறது. அந்த விதி நூலின் விதியன்று, அவன் பேச்சின் விதி, அல்லது பாதி கற்ற பாடத்தின் விதி. அதைக் கண்டால் திருத்தலாம். ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்னும் அவர் நூல் 1977இல் வெளிவந்தது.

இதைப் படித்த நாளில் நமக்கு நினைவு வந்தது ஒரு கட்டுரை ஏடு. ஒன்பதாம் வகுப்பு மாணவனுடையது. ‘பளம்’, ‘மளை’, ‘வாளைமரம்’. ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் சுழித்து, அடியில் ‘கவனக் குறைவு’ என்று எழுதிக் கையொப்பமும் இட்டிருந்தோம். கவனக் குறைவா? ஓரிடத்திலும் தவறாமல், ழகரம் வர வேண்டிய எல்லா இடத்திலும் ளகரம் எழுதியவனா கவனம் குறைந்தவன்? அவன் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசுகின்றனர்; காதில் விழுந்ததைக் கருத்தோடு எழுதியிருக்கிறான். கவனம் குறைந்தது சிவப்பு மை பிடித்த கையிடத்தில்.

ஷாக்னசி 1975இன் இறுதியில் ஆற்றி, மறு ஆண்டு அச்சான உரை ஒன்றில், மாணவரைப் பற்றிய பேச்சை விட்டு ஆசிரியர் வளர்கின்ற படிகளைப் பேசினார். இவர்கள் தேறமாட்டார் என்று கோட்டைவாயிலைக் காத்து நிற்பது முதற்படி. சிலரேனும் தேறுவர் என்று கண்டு, நம் அறிவை அப்படியே அவர்களுக்கு ஊட்ட முனைவது அடுத்தது. பிறகு மாணவனையும் நம் பாடத்தையும் ஆராயத் தொடங்குவது. கடைசியில், தாமும் மாணாக்கராகி அந்த ஆழத்தில் இறங்குவது. மாணவன் ஆயத்தமாக வேண்டும் என்று ஊரே சொன்னபோது, ஆசிரியன் ஆயத்தமா என்று கேட்டார் அந்த அம்மையார். நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று நாமும் எண்ணிப் பார்த்தோம். இரண்டாம் படிக்கு மேல் சொல்லத் துணிவில்லை.

கதை இத்துடன் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. 1975இல் நியூயார்க் நகரமே கடனில் மூழ்கிற்று. ஆயிரக்கணக்கான கல்லூரி ஆசிரியர் வேலை இழந்தனர். முதலில் வெட்டுண்டவர், நிலைத்த பணி இல்லாமல் அடிப்படை எழுத்து வகுப்புகளை நடத்திய இளையோர். 1976இன் கோடைத் தொடக்கத்தில் சம்பளம் கொடுக்கப் பணமின்றிப் பல்கலைக் கழகமே மூடிக் கிடந்தது. அதே ஆண்டில் கட்டணமும் விதிக்கப்பட்டது. ஏழை யூதருக்கு இல்லாத கட்டணம், உலகப் பொருளாதார வீழ்ச்சிக் காலத்திலும் இல்லாத கட்டணம், ஹார்லெம் பிள்ளைகள் படியேறிய ஆறே ஆண்டில் வந்தது! 1978இல் ஷாக்னசி புற்றுநோயால் மறைந்தார்.

1999இல் பல்கலைக் கழக அறங்காவலர் குழு, நான்காண்டுக் கல்லூரிகளில் அடிப்படைப் பயிற்சி வகுப்புகளை நிறுத்துவதென்று வாக்களித்தது. அவ்வகுப்புகளால் எவரும் தேறுவதில்லை, பணம் பாழ் என்பது சொல்லப்பட்ட காரணம். பால் அட்டெவெல், டேவிட் லாவின் என்னும் ஆராய்ச்சியாளர்கள், 1970 முதல் 1972 வரை அந்தத் திறந்த கதவின் வழியே நுழைந்த பெண்களை முப்பதாண்டுக்குப் பின் தேடிச்சென்று கேட்டனர். பத்துப் பேரில் ஏழு பேர் ஏதேனும் ஒரு பட்டம் பெற்றிருந்தனர். நான்காண்டில் முடித்தவர் சிலரே. வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, இடையில் விட்டு, மீண்டும் வந்து, பல ஆண்டு கழித்து முடித்தவர் பலர். நான்காண்டுக் கணக்கில் தோற்றவராக எழுதப்பட்டவரே இவருள் பெரும்பாலோர். அந்த முப்பதாண்டுக் கணக்கு நூலாக வெளிவந்தது 2007இல், வாக்கெடுப்பு முடிந்து எட்டு ஆண்டு கழித்து.