எரிந்த நெகடிவ்களும் பாடபேதங்களும்

பழந்தமிழ் நூல் ஒன்றைப் பற்றி யாரேனும் கருத்துச் சொன்னால், தமிழ் படித்தவர்கள் உடனே கேட்கும் கேள்வி 'எந்தப் பதிப்பு?' என்பதுதான். உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது பல ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கினார், பாடபேதங்களைக் குறித்தார். புறநானூற்றின் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. கிடைக்காததை எவரும் இட்டுக்கட்டி நிரப்பவில்லை. இந்த ஒழுக்கம் நம் துறைக்கு ஒரு நூற்றாண்டுப் பழக்கம். திரைப்படம் என்று வந்ததும் அதை மறந்துவிடுகிறோம். 'டிரையரின் ஜோன் ஆஃப் ஆர்க் பார்த்துவிட்டேன்' என்று சொல்கிறோம். எந்த ஜோனை?

இந்தக் கேள்வி வெறும் சேகரிப்பாளனின் கேள்வியன்று. கார்ல் தியடோர் டிரையர் என்ற டென்மார்க் இயக்குநர் பிரான்சில் எடுத்த 'தி பேஷன் ஆஃப் ஜோன் ஆஃப் ஆர்க்', 1928 ஏப்ரலில் கோபன்ஹேகனில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பாரிசில் அது அதே ஆண்டு அக்டோபரில்தான் வெளியாயிற்று. அதற்குள் பாரிஸ் பேராயரும் அரசுத் தணிக்கையாளரும் கத்தரி வைத்துவிட்டனர். டிசம்பரில் பெர்லினில் உஃபா நிறுவனத்தில் ஏற்பட்ட தீயில் மூல நெகடிவ் அழிந்தது. நெருப்பிலிடப்பட்ட பெண்ணைப் பற்றிய படம் நெருப்பில் போயிற்று என்று எழுதாத திரை வரலாற்றாசிரியர் இல்லை. நானும் எழுதிவிட்டேன், கடந்து செல்வோம்.

டிரையர் அடுத்துச் செய்ததுதான் நமக்கு முக்கியம். ஒவ்வொரு காட்சியும் பலமுறை எடுக்கப்பட்டிருந்தது. முதல் தொகுப்பில் இடம்பெறாத எஞ்சிய ஷாட்டுகளைக் கொண்டு அவர் படத்தை மறுபடியும் தொகுத்தார், ஏறக்குறைய அதே வரிசையில், அதே அளவில். 1929இல் நேர்ந்த இன்னொரு தீயில் அந்த நெகடிவும் போயிற்று என்று நம்பப்பட்டது. 1933இல் அமெரிக்காவில், வானொலி அறிவிப்பாளர் ஒருவரின் விளக்கவுரையோடு, ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிய பிரதி ஒன்று உலவியது. 1950களின் தொடக்கத்தில் லோ டூகா என்பவர் கோமோன் நிறுவனத்தின் கிடங்கில் இரண்டாம் தொகுப்பின் நெகடிவ் பிரதி ஒன்றைக் கண்டெடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். பாக், விவால்டி, அல்பினோனி ஆகியோரின் இசையைச் சேர்த்தார். எழுத்து அட்டைகள் பலவற்றை எடுத்துவிட்டுத் திரையின் அடியில் வசனங்களை இட்டார். டிரையர் அப்போது உயிரோடிருந்தார். இந்தப் பிரதியை அவர் ஏற்கவில்லை. ஆயினும் உலகம் பல பத்தாண்டுகள் பார்த்தது இதைத்தான்.

இதன் பொருளைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபால்கனெட்டியின் முகம் திரைக்கலையின் உச்சங்களுள் ஒன்று என்று தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். கோதார் 1962இல் தம் 'விவ்ர் சா வீ' படத்தில், திரையரங்கில் அமர்ந்து ஜோனைக் கண்டு கண்ணீர் விடும் நானாவைக் காட்டினார். இவர்களெல்லாம் கண்டு உருகியது பெரும்பாலும் டிரையர் முதல் தேர்வில் ஒதுக்கிவைத்த ஷாட்டுகளைக் கண்டுதான். ஒதுக்கிய ஏட்டை வைத்துக்கொண்டே ஒரு காவியத்தைக் காவியம் என்று உலகம் உணர்ந்துகொண்டது என்றால், அது அந்தக் காவியத்தின் வலிமை. ஆனால் 'இந்தக் கணத்தில் இமை இப்படித் தாழ்கிறது, இதுதான் இயக்குநரின் மேதைமை' என்று நுணுகி எழுதப்பட்ட விமரிசனங்களின் கதி என்ன?

1981இல் நார்வேயில், ஆஸ்லோவுக்கு அருகிலுள்ள டிக்கெமார்க் மனநல மருத்துவமனையின் அலமாரி ஒன்றைத் துப்புரவு செய்தபோது சில படச்சுருள் பெட்டிகள் கிடைத்தன. நார்வே திரைப்பட நிறுவனத்துக்கு அனுப்பப்பட்ட அவை உடனே ஆராயப்படவில்லை. சில ஆண்டுகள் கழித்துத்தான் உள்ளிருப்பது என்னவென்று தெரிந்தது. டேனிஷ் எழுத்து அட்டைகளோடு, தணிக்கைக்கு முந்தைய முதல் தொகுப்பின் முழுப் பிரதி. நம்மில் பழைய வீடுகளின் பரணில் ஏடு தேடி அலைந்தவர்களின் கதைகளைப் படித்திருப்பவர்களுக்கு இந்தச் செய்தி தரும் சிலிர்ப்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இன்று நாம் வட்டில் காணும் ஜோன் இந்தப் பிரதியின் வழிவந்தவள்.

வட்டுகளுக்கு வருகிறேன். 1999இல் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்ட டிவிடி, ஆஸ்லோ பிரதியைப் பரவலாகக் கொண்டுசேர்த்தது. அதில் ரிச்சர்ட் ஐன்ஹார்னின் 'வாய்சஸ் ஆஃப் லைட்' என்ற இசைக்கோவை துணையாக இருந்தது. அது 1994இல் இயற்றப்பட்டது. இடைக்காலத்துப் பெண் ஞானியரின் எழுத்துகளைப் பாடுபொருளாகக் கொண்டது. நல்ல இசை, ஐயமில்லை. அது மிக நன்றாக இருப்பதே என் குறை. அழுகை எங்கே வரவேண்டும் என்று அது முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. டிரையர் இப்படத்துக்கு இதுதான் இசை என்று எதையும் அறுதியாக வரையறுக்கவில்லை. நான் மாணவர்களுக்குக் காட்டும்போது ஒலியை அடைத்துவிடுவேன். முதல் பத்து நிமிடம் நாற்காலிகள் கிறீச்சிடும், இருமல் கேட்கும். பிறகு ஒன்றும் கேட்காது.

2012இல் பிரிட்டனின் 'மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா' வரிசையில் வந்த ப்ளூரே வேறொரு பிரச்சினையைத் திறந்தது: வேகம். பேசும்பட யுகத்தில்தான் நொடிக்கு 24 ஃபிரேம் என்பது நிலைபெற்றது. மௌனப்படங்களின் வேகம் படத்துக்குப் படம், அரங்குக்கு அரங்கு மாறியது. அந்த வட்டு ஜோனை நொடிக்கு 20 ஃபிரேம், 24 ஃபிரேம் என இரண்டு வேகத்திலும் தந்தது. லோ டூகாவின் பிரதியையும் சேர்த்தது. 24இல் படம் ஏறத்தாழ 82 நிமிடம். 20இல் 97 நிமிடம். ஒரு ஃபிரேம்கூடக் கூடவோ குறையவோ இல்லை, ஆனால் கால்மணி நேர வேறுபாடு. 24இல் நீதிபதிகள் சற்றே துள்ளலாகத் தலையசைக்கிறார்கள். விசாரணை ஒரு தாக்குதலாக இருக்கிறது. 20இல் அதே கண்ணீர்த்துளி கன்னத்தில் இறங்க நேரம் எடுத்துக்கொள்கிறது. விசாரணை ஒரு முற்றுகையாகிறது. எனக்கு 20தான் உகந்தது. ஆனால் 24ஐ விரும்புவோரிடமும் காரணம் இருக்கிறது: டிரையரின் வெட்டுகளின் கூர்மை 20இல் மழுங்குகிறது. 2018இல் கிரைட்டீரியனும் தன் ப்ளூரேயில் இரு வேகங்களையும் தந்தது. இதுதான் நேர்மையான பதிப்புமுறை: ஐயமிருந்தால் இரண்டு பாடத்தையும் அச்சிடு, படிப்பவன் முடிவு செய்யட்டும்.

வேகச் சிக்கல் மௌனப்படத்தோடு முடிவதில்லை. பால் தொலைக்காட்சி முறையைப் பின்பற்றிய ஐரோப்பிய டிவிடிகளில், 24 ஃபிரேமில் எடுத்த படத்தை 25இல் ஓட்டினார்கள். நான்கு விழுக்காடு வேகம். 125 நிமிடப் படம் 120 நிமிடத்தில் முடிந்துவிடும். கண் இதைக் கண்டுபிடிக்காது, காது கண்டுபிடிக்கும். திருத்தம் செய்யாவிட்டால் சுருதி முக்கால் ஸ்வரத்தானம் அளவுக்கு ஏறிவிடுகிறது. 'பதேர் பாஞ்சாலி'யில் ரவிசங்கரின் சிதாரை அப்படிக் கேட்பது, ஐந்து கட்டையில் பாடுபவரை ஐந்தரைக்கு அருகே இழுத்துவிட்டதைப் போன்றது.

சத்யஜித் ரேயின் அபு மூன்று படங்களின் கதை, என் பார்வையில், ஜோனுடையதைவிட நமக்கு நெருக்கமானது. ரே 1992 ஏப்ரலில் மறைந்தார். அவருடைய படங்களைச் சீரமைப்பதற்காக நெகடிவ்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் அங்கே ஹெண்டர்சன் ஆய்வுக்கூடம் தீப்பற்றியது. காப்பாற்ற அனுப்பிய இடத்திலேயே எரிந்தன. கருகிச் சுருங்கிய சுருள்களை எவரும் குப்பையில் எறியாமல் விட்டதுதான் அந்தக் கதையின் ஒரே அதிர்ஷ்டம். அவை அமெரிக்காவின் அகாடமி திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குச் சென்று இருபது ஆண்டுகள் கிடந்தன.

அந்த இடைவெளியில் நாம் எதைப் பார்த்தோம்? 1990களில் திரையரங்க மறுவெளியீட்டுக்காகத் திரட்டப்பட்ட பிரதிகளும், அவற்றிலிருந்து வந்த விஎச்எஸ் நாடாக்களும் டிவிடிகளும்; கீறலும் தூசியுமாக, வெள்ளை வெளிறி, கறுப்பு அடைத்துப்போய். 'அபராஜிதோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். காசி வீட்டின் உள்முற்றத்தை ஸ்டூடியோவில் அரங்கமாக அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா முற்றத்தின் மேலே துணியை விரித்து, அதில் விளக்கொளியைப் பட்டுத் திரும்பச் செய்தார். திறந்த வானிலிருந்து இறங்கும் நிழலற்ற வெளிச்சம் அப்படித்தான் கிடைத்தது. உலகத் திரைப்பட ஒளிப்பதிவு வரலாற்றில் அடிக்கடி நினைவுகூரப்படும் செயல் இது. அதன் முழு மதிப்பும் சாம்பல் நிறத்தின் மென்மையான படிகளில் இருக்கிறது. பழைய டிவிடிகளில் அந்தப் படிகள் இல்லை. சுவர் ஒரே வெள்ளை, சர்போஜயாவின் முகத்தில் பாதி கறுப்பு. மித்ராவின் பெயரைப் புகழ்ந்துகொண்டே, அவர் செய்ததைக் காணாமல் இருந்தோம்.

2013இல் கிரைட்டீரியன் அந்தக் கருகிய சுருள்களை எடுத்தது. இத்தாலியின் பொலோனா நகரில் உள்ள 'லிம்மாஜினே ரித்ரோவாத்தா' கூடத்தில், உலர்ந்து நொறுங்கும் படச்சுருளுக்கு மறுபடியும் ஈரப்பதம் ஏற்றினார்கள். சிதைந்த பல்துளைகளைக் கையால் மீண்டும் அமைத்தார்கள். ஒட்டுநாடாவையும் பசையையும் உருகிய மெழுகையும் சுரண்டி எடுத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் மணி நேரக் கைவேலை. பதேர் பாஞ்சாலியில் 40 விழுக்காடும், அபராஜிதோவில் 60 விழுக்காட்டுக்கு மேலும் மூல நெகடிவிலிருந்தே மீட்க முடிந்தது. 'அபுர் சன்சார்' தேறவில்லை. எஞ்சிய இரண்டு சுருள்களும் பயன்படாத நிலையில் இருந்ததால், அந்தப் படம் முழுவதும் பிற காப்பகங்களின் பிரதிகளிலிருந்தே உருவாக்கப்பட்டது. பதேர் பாஞ்சாலி 1955 மே மாதத்தில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில். அறுபது ஆண்டு கழித்து, 2015 மே மாதத்தில் மீட்ட பிரதியும் அங்கேயே திரையிடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் ப்ளூரே வந்தது.

அந்த வட்டில் அபராஜிதோவின் முற்றத்தைப் பாருங்கள். சுவரின் காரைப்பூச்சில் ஈரத்தின் கறை தெரிகிறது. ஹரிஹரின் தோளில் கிடக்கும் துணிக்கு இழை இருக்கிறது. இந்தியக் கிராமத்தின் 'மங்கிய துயரம்' என்று பலரும் எழுதியதில் ஒரு பகுதி ரேயின் உலகத்தைச் சேர்ந்ததன்று, பிரதியின் அழுக்கைச் சேர்ந்தது. அதுபோலவே, ரே 'மெதுவானவர்' என்ற புகாரிலும் ஒரு பகுதிக்குப் பிரதிகளே பொறுப்பு என்பது என் எண்ணம். நிலைத்து நிற்கும் ஷாட்டில் பார்ப்பதற்கு ஏதும் தெரியாவிட்டால் அது மெதுவாகத்தானே தோன்றும்?

இதனால் புதிய வட்டு எப்போதும் உயர்ந்தது என்று எவரும் முடிவு கட்டிவிடக் கூடாது. தார்கோவ்ஸ்கியின் 'ஆந்த்ரேய் ருப்லேவ்' படத்தை நீண்ட காலம் 205 நிமிடப் பிரதியாகவே போற்றினோம். நீளமானது என்பதால் மூலமானது என்று நம்பினோம். 2018இல் வந்த வட்டில் 183 நிமிடப் பாடமே முதன்மையாக வைக்கப்பட்டது, அதுவே இயக்குநர் விரும்பியது என்ற காரணத்தோடு. 205ம் உடன் இருக்கிறது. வொங் கார் வாய் விவகாரம் இன்னும் சிக்கலானது. 2021இல் வெளியான அவருடைய படத் தொகுப்பில் அவரே நிறத்தை மாற்றினார். 'ஃபாலன் ஏஞ்சல்ஸ்' படத்தின் சட்டகத்தையே அகலமாக்கினார். படைப்பாளி முதுமையில் தன் இளமைக் கவிதையைத் திருத்தி எழுதினால் எதைப் பாடத்தில் வைப்பது? திருத்தும் உரிமை அவருக்கு உண்டு. முந்தைய பாடத்தைக் கிடைக்காமல் செய்யும் உரிமை அவருக்கும் இல்லை என்பதே என் நிலை. பழைய டிவிடி வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டாம்.

நம் ஊரில் இன்னொரு தடை இருக்கிறது. டிவிடியில் இந்தியா ஐந்தாம் மண்டலம். ப்ளூரேயில் 'சி' மண்டலம். கிரைட்டீரியனின் அமெரிக்க ப்ளூரேக்கள் 'ஏ' மண்டலத்துக்கானவை; பிரிட்டன் 'பி'. முறையாக விலை கொடுத்து வரவழைத்த வட்டு, முறையாக வாங்கிய கருவியில் ஓடாது. திரைப்படச் சங்கங்களின் 16 எம்எம் பிரதிகளிலும், பிறகு பர்மா பஜார் டிவிடிகளிலுமாகத் தமிழில் உலக சினிமா பற்றிய எழுத்து வளர்ந்ததற்கு இது போன்ற பூட்டுகளும் காரணம். அந்த எழுத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கிடைத்த ஏட்டை வைத்துத்தான் எவரும் உரை எழுத முடியும். இனி எழுதுபவர்களிடம் நான் கேட்பது ஒரு வரிதான்: கட்டுரையின் தொடக்கத்தில், நீங்கள் பார்த்தது எந்த ஆண்டு, எந்த நிறுவனத்தின் பிரதி, எத்தனை நிமிடம் என்று குறிப்பிட்டுவிடுங்கள். ஜோனாக இருந்தால், எந்த வேகத்தில் என்பதையும்.