மோட்டார் சைக்கிள் சங்கிலி: தேய்மானம், பராமரிப்பு, மாற்றம் – ஒரு வரலாறு

மோட்டார் சைக்கிள் சங்கிலி என்பது எஞ்சினின் ஆற்றலைப் பின்சக்கரத்துக்குக் கடத்தும் உருளைச் சங்கிலி ஆகும். பேச்சு வழக்கில் இது செயின் எனப்படுகிறது. முன்னே சிறிய பற்சக்கரம், பின்னே பெரிய பற்சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் சங்கிலி என்பதே இதன் அமைப்பு. பட்டறைகளில் பற்சக்கரத்தை ஸ்பிராக்கெட் என்பர். எஞ்சினின் உட்பாகங்கள் எண்ணெயில் நனைந்தபடி ஓடுகின்றன. சங்கிலியோ சக்கரத்தை ஒட்டி, தூசியிலும் சேற்றிலும் மழைநீரிலும் ஓடுகிறது. ஆகவே தேய்ந்து முழுமையாக மாற்றப்படும் உறுப்புகளில் இதுவும் ஒன்றாக இருந்துவருகிறது. சங்கிலியின் நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த கேள்வி, அதன் மூட்டுகளில் எண்ணெயை எப்படி நிலைக்கச் செய்வது என்பதாகும்.

உருளைச் சங்கிலிக்கு முன்

சங்கிலியால் ஆற்றலைக் கடத்தும் எண்ணம் பழமையானது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனாவின் கைஃபெங் நகரில் சூ சோங் அமைத்த வானியல் கடிகாரக் கோபுரத்தில் முடிவற்ற சங்கிலி ஒன்று பயன்பட்டது. லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலும் தட்டுகளை இணைத்துச் செய்யும் சங்கிலிகளின் வரைபடங்கள் உள்ளன. ஆனால் வேகமாகவும் நெடுநேரமும் ஓடக்கூடிய சங்கிலிக்கான தேவை நூற்பாலைகளும் மிதிவண்டிகளும் வந்த பிறகே எழுந்தது.

இங்கிலாந்தின் சால்ஃபோர்டு நகரில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் 1864இல் ஒரு சங்கிலிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் உருளைகள் நேரடியாக மெல்லிய ஊசியின் மீதே சுழன்றன. ஊசியைப் பட்டறை வழக்கில் பின் என்பர். தாங்கும் பரப்பு மிகக் குறுகியதாக இருந்ததால் சுமை கூடியபோது ஊசி விரைவில் அரிக்கப்பட்டது.

ஹான்ஸ் ரெனால்டும் புஷ்ஷும்

சுவிட்சர்லாந்தின் ஆராவ் நகரில் 1852இல் பிறந்த ஹான்ஸ் ரெனால்டு, இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்து, 1879இல் சால்ஃபோர்டில் நூற்பாலை எந்திரங்களுக்குச் சங்கிலி செய்துவந்த ஸ்லேட்டரின் சிறிய தொழிற்கூடத்தை வாங்கினார். அடுத்த ஆண்டு, 1880இல், புஷ் பொருத்திய உருளைச் சங்கிலியை உருவாக்கினார்.

அவர் செய்த மாற்றம் எளிமையானது. ஊசிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு சிறு குழாயை வைத்து, அதை உள்தட்டுகளில் இறுக்கிப் பொருத்தினார். இக்குழாயே புஷ். சங்கிலி வளையும்போது ஊசி, புஷ்ஷின் முழு நீளத்திலும் படிந்து திரும்பியது. சுமை பரவியதால் தேய்மானம் குறைந்தது. உருளை தனியே சுழன்றதால் பற்களும் உராயாமல் காக்கப்பட்டன. இன்று ஓடும் மோட்டார் சைக்கிள் சங்கிலிகளின் அடிப்படை அமைப்பு இதுவே: வெளித்தட்டு, உள்தட்டு, ஊசி, புஷ், உருளை.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் மிதிவண்டி வெளிவந்து, பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கும் முறை பரவியது. சங்கிலிக்கான சந்தையும் பன்மடங்கு பெருகியது. ரெனால்டின் நிறுவனம் 1930இல் கவென்ட்ரி செயின் நிறுவனத்துடன் இணைந்தது. ரெனால்டு 1943இல் மறைந்தார்.

வாரும் சங்கிலியும்

தொடக்ககால மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் சங்கிலியை நம்பவில்லை. 1885இல் டைம்லர் உருவாக்கிய மரச்சட்ட வண்டியிலும், அதன்பின் வந்த பல வண்டிகளிலும் வாரே (பெல்ட்) பயன்பட்டது. அக்கால எஞ்சின்கள் குலுங்கிக் குலுங்கி ஓடின. வார் சற்று வழுக்கிக்கொடுத்து அந்த அதிர்ச்சியை விழுங்கியது. ஆனால் மழையில் நனைந்தால் அது அளவுக்கு மீறி வழுக்கியது, மேட்டில் வண்டி ஏறவில்லை.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஃபெலன் அண்ட் மூர் நிறுவனமும், அமெரிக்காவில் 1901இல் தொடங்கிய இந்தியன் வண்டிகளும் தொடக்கத்திலேயே சங்கிலியைத் தேர்ந்தன. திருப்புமுனை 1911இல் வந்தது. அவ்வாண்டு மான் தீவின் டிடி பந்தயம் முதன்முறையாக மலைப்பாதையில் நடந்தது. நீண்ட ஏற்றம் கொண்ட அப்பாதையில் சங்கிலியும் இருவேகப் பற்சக்கரப் பெட்டியும் கொண்ட இந்தியன் வண்டிகள் சீனியர் பிரிவின் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ஆலிவர் காட்ஃப்ரே முதலாவதாக வந்தார்.

ஆயினும் வார் உடனே மறையவில்லை. முதல் உலகப்போரில் பிரித்தானியப் படை பெருமளவில் பயன்படுத்திய டிரையம்ஃப் மாடல் எச் வண்டியில் எஞ்சினுக்கும் பற்சக்கரப் பெட்டிக்கும் இடையே சங்கிலியும், அங்கிருந்து பின்சக்கரத்துக்கு வாரும் இருந்தன. 1920களில்தான் சங்கிலி முழுமையாக நிலைபெற்றது. ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 1923இல் தன் முதல் வண்டியான ஆர்32இல் சுழல்தண்டைப் பயன்படுத்தி இரண்டையும் தவிர்த்தது. தண்டு எடையும் செலவும் கூடியது. எனவே சாதாரண வண்டிகள் சங்கிலியிலேயே நின்றன.

சங்கிலி நீள்வது ஏன்

பழைய சங்கிலி நீண்டுவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் இரும்புத் தட்டுகள் குறிப்பிடத்தக்க அளவு நீள்வதில்லை. ஊசியின் வெளிப்பரப்பும் புஷ்ஷின் உட்பரப்பும் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடைவெளி உண்டாகி, அவை எல்லாம் சேர்ந்து மொத்த நீளத்தைக் கூட்டுகின்றன.

எடுத்துக்காட்டாக, அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. கண்ணி இடைவெளி கொண்ட 120 கண்ணிச் சங்கிலியின் நீளம் 1,524 மி.மீ. ஒவ்வொரு மூட்டிலும் 0.1 மி.மீ. மட்டுமே தேய்ந்தாலும் சங்கிலி 12 மி.மீ. நீண்டுவிடும். நீட்சி 2 விழுக்காட்டை எட்டும்போது 30 மி.மீ. கூடியிருக்கும்.

நீண்ட சங்கிலியின் கண்ணிகள் பற்களின் அடியில் அமராமல் மேலேறி அமர்கின்றன. சுமை ஒருசில பற்களின் நுனிப்பகுதியில் விழுகிறது. பற்கள் ஒருபக்கமாக அரிக்கப்பட்டு அரிவாள் போல வளைகின்றன. இந்நிலையில் புதுச் சங்கிலியை மட்டும் மாட்டினால், வளைந்த பற்கள் அதையும் விரைவில் தேய்த்துவிடும். சங்கிலியையும் இரு பற்சக்கரங்களையும் ஒரே தொகுப்பாக மாற்றும் வழக்கம் இதனாலேயே உருவானது.

எண்ணெய்த் தொட்டி உறை

தேய்மானத்துக்கான முதல் பெரிய தீர்வு, சங்கிலியை மூடி எண்ணெயில் ஓடவிடுவது. உல்வர்ஹாம்ப்டன் நகரின் ஜான் மார்ஸ்டன் நிறுவனம் தன் சன்பீம் மிதிவண்டிகளில் சங்கிலியைச் சிறு எண்ணெய்த் தொட்டி உறைக்குள் வைத்தது. 1912 முதல் வெளிவந்த சன்பீம் மோட்டார் சைக்கிள்களிலும் அம்முறை தொடர்ந்தது. தூசி புகாத அந்தச் சங்கிலிகள் நெடுங்காலம் உழைத்ததால் சன்பீம் வண்டிகள் நற்பெயர் பெற்றன.

ஆனால் முழு உறை செலவு மிக்கது. சக்கரத்தைக் கழற்றுவதையும் கடினமாக்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பின்சக்கரத்துக்கு ஊசலாடும் கை அமைப்பு (ஸ்விங் ஆர்ம்) பரவியபோது இன்னொரு சிக்கல் சேர்ந்தது. சக்கரம் மேலும் கீழும் அசையும்போது இரு பற்சக்கரங்களுக்கும் இடைப்பட்ட தூரமும் மாறுகிறது. ஆகவே சங்கிலியில் குறிப்பிட்ட அளவு தொய்வு கட்டாயமாயிற்று. தொய்வின்றி முறுக்கிக் கட்டிய சங்கிலி, தானும் தேய்ந்து, பற்சக்கரப் பெட்டியின் பேரிங்கையும் கெடுக்கிறது. அதிகத் தொய்வு கொண்டதோ பல்லிலிருந்து நழுவும்.

மூடாத சங்கிலி கொண்ட வண்டிகளில் பராமரிப்பு உரிமையாளரின் பொறுப்பாயிற்று. சங்கிலியைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசி, உலர்த்தி, உருக்கிய கிரீசில் மூழ்கவைத்து, ஆறியபின் மாட்டுவது ஐரோப்பிய வண்டிக்காரர்களின் பழைய வழக்கம். வெளியே பூசும் எண்ணெய் உருளையை மட்டுமே நனைக்கிறது. சூடான கிரீசோ ஊசிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே புகுந்து உறைந்தது.

ரப்பர் வளையம்

1969இல் ஹோண்டா சிபி750 வெளிவந்தது. நான்கு சிலிண்டர்களும் 67 குதிரைத்திறனும் கொண்ட அவ்வண்டியின் சங்கிலி முன்பில்லாத சுமையைத் தாங்க வேண்டியிருந்தது. பற்சக்கரப் பெட்டியின் தண்டு வழியே சங்கிலிக்கு எண்ணெய் கசியும் ஏற்பாடு அதில் இருந்தது. அப்படியிருந்தும் தொடக்ககால வண்டிகளில் சங்கிலி அறுந்து எஞ்சின் உறையை உடைத்த நிகழ்வுகள் உண்டு. அதிவேகத்தில் அறுந்த சங்கிலி பின்சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும் என்பதால் சங்கிலியின் தரம் உயிர்ப் பாதுகாப்புச் சிக்கலாக உணரப்பட்டது.

1970களில் இதற்கு விடை கிடைத்தது. உள்தட்டுக்கும் வெளித்தட்டுக்கும் இடையே ஊசியைச் சுற்றிச் சிறு ரப்பர் வளையங்கள் வைக்கப்பட்டன. தொழிற்சாலையிலேயே புஷ்ஷுக்குள் கிரீஸ் அடைத்து, வளையத்தால் மூடிவிட்டனர். இதுவே ஓ-ரிங் சங்கிலி. பிற்காலத்தில் வந்த எக்ஸ்-ரிங் வகை உராய்வைக் குறைத்தது. சங்கிலி முழுவதையும் தொட்டிக்குள் வைப்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு மூட்டையும் தனித்தனி எண்ணெய்த் தொட்டியாக மாற்றிய முறை என இதைக் கூறலாம்.

இதனால் பராமரிப்பும் மாறியது. உருக்கிய கிரீசில் மூழ்கவைக்கும் பழக்கம் தேவையற்றதாயிற்று. பெட்ரோலும் கம்பித் தூரிகையும் ரப்பர் வளையங்களைச் சிதைப்பதால் அவை விலக்கப்பட்டன. மண்ணெண்ணெயும் மென்மையான தூரிகையும் போதும் என்றாயிற்று. வெளியே பூசும் எண்ணெயின் வேலை துருவைத் தடுப்பதும், உருளையைக் காப்பதும், ரப்பர் காயாமல் வைப்பதும் ஆகும். வளையம் கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியேறி அந்த மூட்டு விரைவில் தேயும்.

இந்தியாவில்

இந்தியாவின் மோட்டார் சைக்கிள் தொழிலில் சென்னைக்குத் தொடக்கம் முதலே இடம் உண்டு. 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூரில் புல்லட் வண்டிகளைத் தயாரித்தது. சங்கிலி உற்பத்தியும் தமிழ்நாட்டில் வேரூன்றியது. முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ், அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரைச் சேர்ந்த டயமண்ட் செயின் நிறுவனத்துடன் கூட்டுசேர்ந்து சென்னையில் சங்கிலித் தொழிற்சாலையை அமைத்தது. 1903இல் ரைட் சகோதரர்களின் விமானத்தில் விசிறிகளைச் சுழற்றிய சங்கிலிகள் அந்த அமெரிக்க நிறுவனம் செய்தவையே. கோயம்புத்தூரில் 1937இல் போக்குவரத்துத் தொழிலில் தொடங்கிய எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ், பின்னர் ரோலான் என்ற பெயரில் சங்கிலிகளைச் செய்து நாடெங்கும் விற்றது. 2000களின் இறுதியில் அந்நிறுவனத்தின் தொழிற்சாலைச் சங்கிலிப் பிரிவு ரெனால்டுடன் கூட்டு நிறுவனமாயிற்று.

இந்தியச் சாலைகளில் பழைய முழு உறை புது வாழ்வு பெற்றது. மைசூரில் தயாரான ஜாவா வண்டிகளும், 1985இல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா சிடி100ம் முழு உறையுடன் வந்தன. அது எண்ணெய்த் தொட்டி அல்ல. சேற்றையும் புழுதியையும் தடுக்கும் தகர உறை மட்டுமே. அதற்கு இன்னொரு பயனும் உண்டு. சேலை அணிந்தவர்கள் பின்னிருக்கையில் இடப்பக்கம் கால்போட்டு அமர்கின்றனர். பெரும்பாலான வண்டிகளில் சங்கிலியும் அதே பக்கம்தான். பின்னிருப்பவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி, சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பு வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. முழு உறையின் குறை, உள்ளே சங்கிலி என்ன நிலையில் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போவதாகும். உறையில் சங்கிலி உரசும் சத்தம் கேட்ட பிறகே பலரும் பட்டறைக்கு வருகின்றனர்.

அளவுக் குறிகள்

சங்கிலியின் மீது பொறித்த மூன்று இலக்க எண் அதன் அளவைச் சொல்கிறது. முதல் இலக்கம், கண்ணி இடைவெளி எத்தனை எட்டில் ஒரு அங்குலம் என்பதைக் குறிக்கும். 428 எனில் 12.7 மி.மீ.; 520, 525, 530 ஆகியவற்றில் 15.875 மி.மீ. அடுத்த இரு இலக்கங்கள் அகலத்துக்குரியவை. 520இன் உள் அகலம் கால் அங்குலம். 530க்கு எட்டில் மூன்று அங்குலம். சிறிய வண்டிகளில் 428 பரவலாக உள்ளது.

மாற்றும் முறை

சங்கிலியை எப்போது மாற்றுவது என்பதை அறியப் பட்டறைகளில் எளிய சோதனை உண்டு. பின் பற்சக்கரத்தின் பின்கோடியில் சங்கிலியை விரலால் இழுக்கும்போது பல்லின் பாதிக்கு மேல் வெளியே தெரிந்தால் அது தேய்ந்துவிட்டது. அளந்து பார்ப்பது இன்னும் துல்லியமானது. 428 சங்கிலியில் 20 கண்ணிகளின் நீளம் 254 மி.மீ. இருக்க வேண்டும். அது 259 மி.மீ. ஆனால் நீட்சி 2 விழுக்காடு. தயாரிப்பாளரின் கையேடு தரும் வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

மாற்றும்போது பழைய சங்கிலியின் லாக்கைக் கழற்றி, அதன் முனையில் புதியதை இணைத்து இழுத்தால், புதுச் சங்கிலி முன் பற்சக்கரத்தைச் சுற்றித் தானே வந்துவிடும். பற்சக்கரங்களையும் மாற்றுவதாயின் அவற்றைப் பொருத்திய பிறகே சங்கிலி ஏறும். லாக் கிளிப்பின் மூடிய முனை சங்கிலி ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் ஏதேனும் தட்டிக் கிளிப் கழன்றுவிடலாம். ஆற்றல் மிகுந்த வண்டிகளில் கிளிப்புக்குப் பதில் அடித்து இறுக்கும் ரிவெட் கண்ணி பயன்படுகிறது. கடைசியாக, இருபக்க அச்சுக் குறிகளும் ஒரே கோட்டில் நிற்கும்படி சக்கரத்தை நேராக்கி, கையேட்டில் உள்ள அளவுக்குத் தொய்வு வைக்கப்படுகிறது. பல சிறிய வண்டிகளுக்கு இது 20 முதல் 30 மி.மீ. வரை.

இப்பணியில் காயங்களும் நேர்கின்றன. எஞ்சினை ஓடவிட்டபடியே சங்கிலியைத் துணியால் துடைக்கும்போது, துணியோடு விரலும் பற்சக்கரத்துக்குள் இழுக்கப்பட்டு விரல் இழந்தவர்கள் பற்றி மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வெளிவந்துள்ளன. எஞ்சினை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைக் கையால் உருட்டியே சங்கிலியைத் துடைக்க வேண்டும்.

இன்றைய நிலை

1980 முதல் ஹார்லி-டேவிட்சன் சில வண்டிகளில் பல் கொண்ட ரப்பர் வாரை மீண்டும் கொண்டுவந்தது. ஸ்கூட்டர்களும் மின்சார வண்டிகளும் வாரையோ சக்கரத்திலேயே பொருத்திய மோட்டாரையோ பயன்படுத்துகின்றன. எனினும் பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் உருளைச் சங்கிலியே தொடர்கிறது. குறைந்த செலவு, மிகக் குறைவான ஆற்றல் இழப்பு, பற்களின் எண்ணிக்கையை மாற்றி வேக விகிதத்தைத் திருத்தும் வசதி ஆகியவை அதற்குக் காரணங்கள்.