நுகத்தடியும் அளவுகோலும்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் உழைத்த தமிழரைப் பற்றிய குறிப்புகளே அருகிக் கிடக்க, அவரோடு உழைத்த காளைகளைப் பற்றிக் கேட்பானேன்? 1891-இல் சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்துச் சுங்கை ஊஜோங் இருப்புப்பாதை திறக்கப்பெற்றது. ஆயினும் நிலையத்திற்கு அப்பால், தோட்டத்துச் செம்மண் தடங்களில், முன்னர்க் காப்பியையும் பின்னர் இரப்பரையும் சுமந்தது மாட்டுவண்டியே. இந்தியாவிலிருந்து வந்த அம்மாடுகளின் வழித்தோன்றல்கள் மலேசியாவில் 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என வழங்கப்பெறுகின்றன.

மரத்துப் பாலுக்கு நிறுவை இருந்தது. மாட்டின் இளைப்புக்கு நிறுவை இல்லை. உப்பு வாணிகம் செய்த உமணர் சேம அச்சொன்றை வண்டியில் கட்டிச் சென்றனர் எனச் சங்கநூல் கூறும். அச்சு முறிந்தால் மாற்று உண்டு. பகடு சோர்ந்தால்?

மேனாட்டாரும் முதலில் அளந்தது வலிமையையே. ஜேம்ஸ் வாட் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் குதிரைத்திறனை நிமிடத்திற்கு 33,000 அடி-பவுண்டு என வரையறுத்தார். நுகத்திற்கும் வண்டிக்கும் இடையே இழுவிசைமானியைப் பொருத்தினால் மாடு எவ்வளவு இழுக்கிறது என்பது தெரியும். இன்னும் எவ்வளவு தாங்கும் என்பது தெரியாது. ஊக்கமுள்ள காளை இளைத்த பின்னும் இழுக்குமன்றோ!

இக்குறையை நீக்க முயன்றவர் கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்து உபாத்யாய், மதன் என்னும் இருவர். 1980-களில் அவர்கள் வகுத்த முறையில் மூச்சு, இதயத்துடிப்பு, உடல்வெப்பம், வாய்நுரை, கால் தடுமாற்றம், மிரட்சி, நடைத்தயக்கம், நாக்கு வெளித்தள்ளல் ஆகிய எட்டுக்கும் தனித்தனியே புள்ளி இடப்பெறும். மொத்தம் 40, 20-ஐ எட்டினால் நுகத்தை அவிழ்த்துவிட வேண்டும். இவ்வெட்டில் பலவும் வண்டிக்காரர் கண்ணாலேயே அறிந்தவை. புதிதாக வந்தது எண் ஒன்றே. ஆனால் மேலாளரிடம் வழக்காட எண்ணே வேண்டும்.

இந்திய அரசின் 1965-ஆம் ஆண்டு விதி, நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாது 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது என்கிறது. வெப்பம் 37 பாகையைக் கடக்கும் இடத்தில் நண்பகல் 12 முதல் 3 வரை ஓய்வும் விதிக்கிறது. இவ்வெப்ப வரம்பை அப்படியே நெகிரி செம்பிலானுக்குக் கொணர்ந்தால் பயன் சிறிது. அங்கு வெயில் 37-ஐத் தொடுவது அரிது. ஈரக்காற்றில் வியர்வை உலராமையே மாட்டை வருத்துவது. ஆதலின் வானிலைமானியினும் விலாவின் ஏற்ற இறக்கமே அங்கு நம்பத்தக்க சான்று.

மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் குலை இழுக்க எருமைகள் பூட்டப்பெற்றபோது இச்சிக்கல் மேலும் கடிதாயிற்று. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டினும் குறைவு. கருந்தோல் வெயிலை விழுங்கும். நீரில் கிடந்தே அது தணியவேண்டும். குலைக் கணக்கில் கூலி பெறுவோனுக்கோ எருமை நீரில் கிடக்கும் நேரமும் காசு.