கருத்தில் வேறுபாடு, பண்பில் மாறாமை

மாமல்லபுரக் கடற்கரையிலிருந்து காஞ்சிபுரம் வரை பரந்து கிடந்தது அன்றைய செங்கற்பட்டு மாவட்டம். தமிழ்நாட்டு அரசியலின் பெரும் பிளவுகளுள் ஒன்று, 1925ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இம்மாவட்டத்தில்தான் நிகழ்ந்தது. அப்பிளவின் இரு பக்கத்திலும் நின்ற இருவர் பின்னாளில் ஒருவரையொருவர் எவ்வாறு மதித்தனர் என்பது, இன்றைய தலைமுறை அறிய வேண்டிய வரலாறு.

அவ்விருவருள் ஒருவர் திரு.வி.க. செங்கற்பட்டு மாவட்டத்துத் துள்ளம் என்னும் சிற்றூரில் 1883இல் பிறந்தவர். 'நவசக்தி' இதழின் ஆசிரியர். ஆழ்ந்த சமயப்பற்று உடையவர். மற்றவர் ஈரோட்டுப் பெரியார். காங்கிரஸ் இயக்கத்தில் இருவரும் தோளோடு தோள் நின்று உழைத்தவர்கள். 1924இல் வைக்கம் போராட்டத்தில் பெரியார் சிறை சென்றபோது, அவரை 'வைக்கம் வீரர்' எனப் போற்றியவர் திரு.வி.க.வே.

மறு ஆண்டு காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாகாண மாநாட்டிற்குத் திரு.வி.க. தலைமை வகித்தார். வகுப்புவாரிப் பிரதிநிதித்துவம் கோரும் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவர முனைந்தார். தலைவர் அதற்கு இடமளிக்கவில்லை. பெரியார் மாநாட்டை விட்டு வெளியேறினார், காங்கிரசையும் துறந்தார். நண்பர் ஒருவரின் தீர்ப்பால் மற்றவரின் அரசியல் வழியே மாறிற்று. அதன்பின் 'குடிஅரசு' ஒரு திசையிலும் 'நவசக்தி' மறு திசையிலும் எழுதின. கண்டனங்களில் கடுமைக்குக் குறைவில்லை. இருவரும் தத்தம் கொள்கையை மறைக்கவுமில்லை, மென்மைப்படுத்தவுமில்லை.

ஆயினும் கொள்கைப் பகை மனிதப் பகையாக முற்றவில்லை. காவிரியில் நீராடிவந்த திரு.வி.க.வுக்குக் கடவுள் மறுப்பாளரான பெரியார் தம் கையாலேயே திருநீறு எடுத்து நீட்டினார் என்றொரு செய்தி தமிழகத்தில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. விருந்தினரின் நம்பிக்கையைப் பேணுதல் தம் கொள்கைக்கு இழுக்கன்று என்பதே அச்செய்தி உணர்த்தும் பண்பு.

பிரிந்த பின்னும் இருவரும் ஒன்றுபட்ட இடங்கள் உண்டு. திரு.வி.க.வின் 'பெண்ணின் பெருமை' 1927இல் வெளிவந்தது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டு நகரில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. கடவுளைப் பற்றி உடன்படாத இருவரும் பெண்ணின் மதிப்பைப் பற்றி உடன்பட்டனர். 1948இல் இந்தித் திணிப்பை எதிர்த்து இருவரும் ஒரே மேடையில் நின்றனர்.

பெரியாரின் இப்பண்பு திரு.வி.க.வோடு நின்றுவிடவில்லை. நெடுங்காலம் அரசியலில் எதிர்த்த இராஜாஜி 1972 டிசம்பரில் மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் இறுதிச் சடங்கிற்கு வந்து கண்ணீர் விட்டார்.

திரு.வி.க.வின் உள்ளத்தில் சமணத்திற்கும் இடம் இருந்தது. சைவ மரபில் தோன்றிய அவர், 1951இல், முதுமையும் கண்ணொளிக் குறைவும் வருத்திய காலத்தில், 'அருகன் அருகே' என்னும் நூலை வெளியிட்டார். பிற நெறியை அதன் உள்ளிருந்தே காண முயலும் மனம் அவருடையது. மாநாடு நடந்த காஞ்சிக்கு அருகிலேயே திருப்பருத்திக்குன்றம் என்னும் ஜினகாஞ்சி இருப்பதும் நினைவுகூரத்தக்கது.

ஒரு பொருளுக்கு இயல்புகள் பல. ஒருவர் காண்பது அவற்றுள் சிலவே என்று கூறுகிறது அநேகாந்தம். இது கொள்கையைக் கைவிடச் சொல்வதன்று. தான் காணாத பக்கத்தை எதிரில் நிற்பவர் கண்டிருக்கக்கூடும் என்று ஏற்கச் சொல்வது. அகிம்சையும் கையோடு நிற்பதன்று; சொல்லுக்கும் எண்ணத்திற்கும் உரியது.

இன்று கைப்பேசியில் வரும் ஓர் அரசியல் செய்தியால் உடன்பிறந்தார் பேச்சு நின்றுவிடுகிறது. திருமண வீட்டில் மாமனும் மருமகனும் முகம் திருப்பிக்கொள்கின்றனர். தேர்தல் சில நாளில் முடிந்துவிடும். அதன் பொருட்டு அறுந்த உறவைச் சேர்க்கப் பல ஆண்டுகள் வேண்டும். எண்ணிக்கையில் சிறிய ஒரு சமுதாயம் அத்தகைய இழப்பைத் தாங்க இயலாது. கருத்தை உறுதியாகச் சொல்லலாம். மாற்றுக் கருத்துடையார் வீட்டிற்கு வந்தால் அவருக்குரிய மரியாதையை முதலில் எடுத்து நீட்ட வேண்டும். அன்று அவ்விருவரும் அதனைச் செய்து காட்டினர்.