வட்டுக்கோட்டைச் செமினரி

ஒரு கல்விச்சாலையைத் தாபித்தோர் கருதிய பயன் ஒன்றாகவும், அங்கே கற்றோரால் நாடு பெற்ற பயன் பிறிதொன்றாகவும் அமைதல் உண்டு. வட்டுக்கோட்டைச் செமினரியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1816 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரிமார், 1823 இல் இதனை நிறுவினர். டானியல் பூவர் முதல் அதிபராயினார். சுதேச போதகரையும் ஆசிரியரையும் உருவாக்குதலே அவர்தம் நோக்கம். மாணாக்கர் அங்கேயே உண்டு உறைந்து பயின்றனர். வேதாகமத்தோடு ஆங்கிலம், கணிதம், வானசாஸ்திரம், பௌதிகம் என்பனவும் போதிக்கப்பட்டன. தமிழ் இலக்கண இலக்கியங்களும் புறக்கணிக்கப்படவில்லை.

ஆயினும், ஆங்கிலம் கற்ற இளைஞர் பலர் போதகராகாது இராசாங்க உத்தியோகத்தை நாடினர். சமயப் பணிக்குத் தாய்மொழிக் கல்வியே ஏற்றது என மிஷன் மேலிடம் கருதிற்று. 1855 இல் செமினரி மூடப்பட்டது.

சில ஆண்டுகள் கழிந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை ஆகிய இருவரும் இச்செமினரியிற் கற்றவர்களே! பின்னாளில் சைவம் தழுவிய தாமோதரம்பிள்ளை, ஏட்டுச் சுவடிகளில் அழிந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தார். 1887 இல் கலித்தொகை அவரால் அச்சேறிற்று.

கல்வியின் அருமையை உணர்ந்த ஊரவரின் ஆர்வமும் துணைநிற்க, 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி வட்டுக்கோட்டையில் எழுந்தது.

மிஷனின் கணக்கில் செமினரி குறைவுற்றிருக்கலாம். தமிழின் கணக்கில் அது பெருஞ் செல்வம். சிந்திக்கக் கற்ற மாணாக்கனின் வழியை எப்பள்ளியும் முன்னரே வரைந்து வைத்தல் இயலாது. அவ்வாறு இயலாமையே நற்கல்வியின் சிறப்புமாகும்.