பெயர் சொல்லி மன்றாடிய கதை

சிறையிலிருந்து விடுபட்ட பேதுரு வெளியே நின்று கதவைத் தட்டுகிறார். உள்ளே அவருக்காகத்தான் ஜெபம் நடந்துகொண்டிருக்கிறது. ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலை வைத்தே ஆளை அடையாளம் கண்டுகொண்டாள். சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்துவிட்டு உள்ளே ஓடிச் சொன்னாள். உனக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டார்கள், இவ்வளவு நேரமும் அவர் விடுதலைக்காக மன்றாடிக்கொண்டிருந்தவர்கள். அவள் சாதிக்கவும், அப்படியானால் அது அவருடைய தூதனாக இருக்கும் என்று ஒரு விளக்கத்தையும் கண்டுபிடித்தார்கள். பாவம் பேதுரு, தட்டிக்கொண்டே நின்றார்.

அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது இந்தக் காட்சி. இடம் எருசலேம், மாற்கு எனப்பட்ட யோவானின் தாய் மரியாளின் வீடு. ஏரோது அகிரிப்பா அரசன் அப்போஸ்தலன் யோவானின் சகோதரன் யாக்கோபை வாளால் கொன்றுவிட்டு, அது மக்களுக்குப் பிடித்திருக்கிறது என்று கண்டு பேதுருவையும் பிடித்தான். நான்கு நான்கு பேராக நான்கு குழு, ஆக 16 சிப்பாய்கள் காவல். அகிரிப்பா இறந்தது கி.பி. 44இல், எனவே இது அதற்குச் சற்று முன்னால் நடந்தது. சிறையில் இருக்கும் ஒரு தலைவருக்காக ஒரு சபையே கூடி மன்றாடியதாக நமக்குக் கிடைக்கும் முதல் பதிவு இதுதான். எழுதிய லூக்காவுக்கு ஒரு சபாஷ் சொல்ல வேண்டும்: ஜெபித்தவர்களின் அவநம்பிக்கையை அவர் மறைக்கவில்லை. யாக்கோபுக்காகவும் ஜெபித்திருப்பார்களே, அவர் ஏன் பிழைக்கவில்லை என்ற கேள்விக்குச் சமாதானம் சொல்லவும் முயலவில்லை.

எழுத்தாகப் பார்த்தால் இதைவிடப் பழைய சாட்சி உண்டு. பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபம், கி.பி. 50ஐ ஒட்டியது. புதிய ஏற்பாட்டு நூல்களில் இதுவே முந்தியது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. அதன் கடைசியில், எங்களுக்காக ஜெபியுங்கள் என்று ஒற்றை வரியில் கேட்கிறார் பவுல். ஆக, கிறிஸ்தவத்தின் மிகப் பழைய ஏட்டிலேயே தலைவர் கை நீட்டுகிறார். உரோமையருக்கு எழுதும்போது கோரிக்கை இன்னும் வெளிப்படையாகிறது: எருசலேமுக்குப் போகிறேன், யூதேயாவில் இருக்கும் எதிரிகளிடமிருந்து நான் தப்ப என்னோடு சேர்ந்து போராடி மன்றாடுங்கள் என்கிறார். போனார், ஆலயத்திலேயே பிடிபட்டார், செசரியாவில் இரண்டு ஆண்டு காவலில் கிடந்து, கைதியாகத்தான் ரோம் வந்து சேர்ந்தார். சிறையிலிருந்து அவர் பெயரில் வந்த எபேசியர் நிருபத்தில், விலங்கு கழல வேண்டும் என்று கேட்கவில்லை. பேச வேண்டிய இடத்தில் வாய் துணிவோடு திறக்க வேண்டும், அதற்கு ஜெபியுங்கள் என்கிறார்.

இந்தப் பழக்கத்தின் பிறப்பில் நான் முக்கியமாகக் காண்பது இதைத்தான்: தலைவருக்கு அப்போது அதிகாரம் இல்லை. காவலில் இருப்பவர், கல்லெறி வாங்கியவர், நாளை என்ன ஆகும் என்று தெரியாதவர் கேட்கிறார், மக்கள் செய்கிறார்கள். யாரும் யாருக்கும் சட்டம் போடவில்லை.

சட்டம் பிறகு வந்தது, ஒரு பலகையின் வழியாக. ரோமப் பேரரசில் கீல் வைத்து இணைத்த இரட்டைப் பலகைகள் புழக்கத்தில் இருந்தன. உள்பக்கம் மெழுகு பூசி எழுதுவார்கள். கான்சல் என்ற உயர் பதவி ஏற்பவர்கள் தந்தத்தில் செதுக்கிய இரட்டைப் பலகைகளை நண்பர்களுக்குப் பரிசாகத் தருவார்கள். திருச்சபை அதை எடுத்துக்கொண்டது. நற்கருணை வழிபாட்டில் யார் யாருக்காக மன்றாட வேண்டுமோ அவர்கள் பெயர்கள் அதில் இருக்கும். திருத்தொண்டர் உரக்க வாசிப்பார். உயிரோடிருப்போருக்கு ஒரு பட்டியல், இறந்தோருக்கு ஒன்று. உயிரோடிருப்போரில் ஆயர்களின் பெயர்கள் முன்வரிசை. 513இல் கான்சலாக இருந்த கிளமெண்டினுஸ் கொடுத்த தந்தப் பலகை ஒன்று இன்று இங்கிலாந்தின் லிவர்பூல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வெளிப்பக்கம் கான்சல் ஆடம்பரமாக உட்கார்ந்திருக்கிறார். உட்பக்கம், இரண்டரை நூற்றாண்டு கழித்து யாரோ கிரேக்கத்தில் மன்றாட்டைப் பொறித்திருக்கிறார்கள். 772இல் திருத்தந்தையான ஆட்ரியானின் பெயர் அதில் உண்டு.

பெயர் எழுதிய இடம் என்றால் அழிக்கவும் ஓர் இடம். கான்ஸ்டான்டினோபிள் ஆயர் யோவான் கிறிசோஸ்தோம் 404இல் நாடு கடத்தப்பட்டு 407இல் வழியிலேயே இறந்தார். அரண்மனையின் ஊதாரித்தனத்தைப் பிரசங்கத்தில் கிழித்தவர். மக்களுக்கு அவர் உயிர். ஆனால் பலகையில் அவர் பெயர் இல்லை. பெயர் வாசிக்காத கோவிலுக்குள் வரமாட்டோம் என்று அவர் ஆட்கள் தனியாகக் கூடினார்கள். ரோம் ஆயர் முதலாம் இன்னசெண்டும் பெயர் திரும்பும் வரை உறவு இல்லை என்றார். கடைசியில் கான்ஸ்டான்டினோபிள் ஆயர் அத்திகுஸ் இறங்கிவந்து பெயரைச் சேர்த்தார். சேர்த்த காரணத்தை அலெக்சாந்திரியாவின் சிரிலுக்கும் எழுதினார். சிரில், கிறிசோஸ்தோமைப் பதவி இறக்கிய தியோபிலுஸின் மருமகன். மாமன் பகையை விடுவாரா? யூதாஸை மறுபடி அப்போஸ்தலர் வரிசையில் சேர்ப்பதைப் போல இருக்கிறது என்று பதில் எழுதினார். இறந்துபோன ஒருவருக்காக ஜெபிக்கலாமா கூடாதா என்பதல்ல அங்கே சண்டை. அவர் நம்மவரா இல்லையா என்பதுதான்.

484இல் இன்னும் பெரியது வெடித்தது. கிறிஸ்துவின் இயல்பு பற்றிய கோட்பாட்டுச் சண்டையில், திருத்தந்தை 3ஆம் பெலிக்ஸ் கான்ஸ்டான்டினோபிளின் அக்காசியுஸைச் சபைநீக்கம் செய்தார். அந்தக் கடிதத்தைத் துறவிகள் வழிபாட்டு நேரத்திலேயே அக்காசியுஸின் மேலாடையில் குத்திவிட்டார்கள். பதிலுக்கு அவர் பலகையிலிருந்து பெலிக்ஸின் பெயரை எடுத்தார். 35 ஆண்டுப் பிளவு. 519இல் சமாதானம் ஆனபோது முக்கியமான நிபந்தனை பெயர்தான்: அக்காசியுஸும், அவருக்குப் பின் வந்த ஆயர்களும், இரண்டு பேரரசர்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

மேற்கில் நடைமுறை மெதுவாக இறுகியது. 529இல் தென் பிரான்சின் வேசோன் நகரில் ஆர்ல் ஆயர் செசாரியுஸ் தலைமையில் கூடிய சங்கம், எங்கள் கோவில்களிலும் திருத்தந்தையின் பெயர் சொல்லப்பட வேண்டும் என்று விதித்தது. கிழக்கில் அந்தப் பெயர் ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. 1089இல் பேரரசர் அலெக்சியுஸ், எந்தத் தீர்ப்பின்படி திருத்தந்தையின் பெயரை நீக்கினீர்கள் என்று தம் ஆயர்களைக் கேட்டார். ஏட்டைப் புரட்டியும் அப்படியொரு தீர்ப்பு கிடைக்கவில்லை. அலுவலகக் கோப்பு தொலைந்த கதை அன்றும் உண்டு போலும்.

இங்கிலாந்தில் 8ஆம் ஹென்றிக்குச் சந்தேகமே இல்லை. 1535இல் எல்லா வழிபாட்டு நூல்களிலிருந்தும் திருத்தந்தையின் பெயரைச் சுரண்டி எடுக்க ஆணையிட்டார். சுரண்டிய தோல் ஏடுகளை இன்றும் நூலகங்களில் பார்க்கலாம். 1544இல் பேராயர் கிரான்மர் ஆங்கிலத்தில் தொகுத்த லித்தானியா என்ற மன்றாட்டுமாலை ஆயர்களுக்காகவும் போதகர்களுக்காகவும் மன்றாடியது. ரோம் ஆயரின் கொடுமையிலிருந்து விடுவிக்கவும் அதே மூச்சில் மன்றாடியது. அந்தப் பின்வரியை எலிசபெத் காலத்து 1559 ஜெபநூல் விட்டுவிட்டது. அந்த ஜெபநூலின் வழிவந்த லித்தானியாதான் பின்னாளில் தமிழாகித் திருநெல்வேலிச் சீமை ஆங்கிலிக்கன் ஆலயங்களுக்கு வந்தது.

நமக்கு மிக அருகில் நடந்ததை இனிச் சொல்ல வேண்டும். கேரளத்தின் மார்த்தோமா கிறிஸ்தவர்கள் சிரியாக் மொழியில் வழிபட்டார்கள். பாபிலோனின் முதுபெரும் தந்தையின் பெயரைச் சொல்லி மன்றாடினார்கள். அவர்களுக்கு ஆயர்கள் வந்தது அங்கிருந்துதான். 1597இல் அப்படி வந்த கடைசி ஆயர் மார் ஆபிரகாம் இறந்தார். 1599 தொடக்கத்தில் கோவாவின் போர்த்துகீசியப் பேராயர் மெனசிஸ், வைப்பிக்கோட்டையில் இருந்த இயேசு சபையாரின் குருமடத்துக்கு வந்து வழிபாட்டில் கலந்துகொண்டார். அவருக்குச் சிரியாக் தெரியாது. அகில உலக மேய்ப்பர் என்று பாபிலோனின் தந்தைக்காக மன்றாடுகிறார்கள் என்று அருகிலிருந்தவர்கள் விளக்கினார்கள். இனி அந்தப் பெயரைச் சொல்பவருக்குச் சபைநீக்கம் என்று எழுத்தில் தடை போட்டார். அந்த ஆண்டு ஜூன் 20 முதல் 26 வரை உதயம்பேரூரில் சங்கம் கூட்டினார். அதன் பின் சிரியாக் நூல்கள் பல நெருப்புக்குப் போயின. 1653 ஜனவரி 3 அன்று மட்டாஞ்சேரியில், சிலுவையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இயேசு சபையாருக்குக் கீழ்ப்படியமாட்டோம் என்று மக்கள் செய்த கூனன் குரிசு சத்தியத்துக்குக் காரணங்கள் பல. தலைமுறைகளாகச் சொல்லிவந்த ஒரு பெயரை வாயிலிருந்து பிடுங்கியதும் அவற்றில் ஒன்று என்றே நான் நினைக்கிறேன். பவுல் கேட்டு வாங்கிய ஜெபம் மெனசிஸ் கையில் வரிரசீது ஆகிவிட்டது.

2ஆம் வத்திக்கான் சங்கம் 1963இல், வழக்கொழிந்திருந்த விசுவாசிகள் மன்றாட்டை மறுபடி கொண்டுவரச் சொன்னது. இன்று திருப்பலியில் ஒரு பள்ளிச் சிறுமி எழுந்து திருத்தந்தைக்காகவும் ஆயர்களுக்காகவும் மன்றாட்டு வாசிப்பது அதனால்தான். 2013 மார்ச் 13 இரவு, புதிதாகத் தேர்வான பிரான்சிஸ் மாடத்தில் நின்று, ஆசி கொடுப்பதற்கு முன், எனக்காக நீங்கள் முதலில் ஜெபியுங்கள் என்று கேட்டுத் தலை குனிந்தார். சதுக்கமே அமைதியானது. செய்தியாளர்கள் அதைப் புதுமை என்று எழுதினார்கள். தெசலோனிக்கேயர் நிருபத்தைப் படித்தவருக்கு அது பழைய சங்கதி.

சண்டைக்கெல்லாம் காரணமான, தலைவர் பெயர் சொல்லும் அந்த வரி இன்னும் நற்கருணை மன்றாட்டில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு காது கொடுத்துப் பாருங்கள். விருது, குடும்பப் பெயர், வரிசை எண் எதுவும் கிடையாது; 14ஆம் லியோ அங்கே வெறும் லியோ. திருத்தந்தை இறந்துவிட்டால், அடுத்தவர் தேர்வாகும் வரை அந்த இடத்தில் பெயரே சொல்லமாட்டார்கள். 2025 ஏப்ரல் 21 முதல் மே 8 வரை அப்படித்தான் நடந்தது. மறைமாவட்ட ஆயரே திருப்பலி நிறைவேற்றினால், தம் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் பெயரைச் சொல்லாமல், தகுதியற்ற ஊழியனான என்னையும் நினைத்தருளும் என்றுதான் அவர் கேட்க வேண்டும். திருப்பலி விதி அப்படி.