ஒரு கூறையின் கரை

அம்மாவின் கூறைச் சீலை காஞ்சிபுரத்தில் பிறந்தது. உடல் அரக்குச் சிவப்பு, கரை பச்சை. இரண்டு நிறத்தையும் இணைக்கத் தறியின் இருபுறமும் ஆள் இருந்து, மூன்று நாடாக்களை மாற்றி மாற்றி ஓட்டி, ஊடையைக் கோத்து நெய்ய வேண்டும். அதற்குக் கோர்வை என்று பெயர். சீலை கிழிந்தாலும் கரை கழலாது என்பது நெசவாளரின் பெருமை. கரை நெடுகக் கோபுர முனைகள். அவற்றை ஒளிர வைத்தது சூரத்துச் சரிகை: சிவப்புப் பட்டு நூலில் வெள்ளி இழையைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது.

கூறை என்றால் பழந்தமிழில் ஆடை. மயிலாடுதுறையின் கூறைநாடு நெசவால் அறியப்பட்ட இடம். எந்தத் தறியில் நெய்தாலும் ஈழத்தில் எங்களுக்குக் கலியாணச் சீலை கூறைதான். தாலியோடு தட்டில் வரும். சபை தொட்டு ஆசீர்வதிக்கும். பெண் உள்ளே போய்க் கூறை மாற்றி வந்த பிறகுதான் தாலி ஏறும்.

1979இல் யாழ்ப்பாணத்துக் கடையொன்றில் இருந்து அம்மாவின் கூறை கிளிநொச்சிக்கு வந்தது. பிறகு றங்குப் பெட்டியில் இருந்தது. ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை முறியும் என்று அம்மா ஆண்டுதோறும் நிழலில் விரித்து, மடிப்பை மாற்றி வைப்பார்.

2009இல் இறுதிப் போரின்போது தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று எங்களோடு நகர்ந்து, மாத்தளன் கரைக்கு வந்தது. அங்கே பங்கர் வெட்ட வெட்ட மணல் சரிந்தது. சாக்கு இல்லை. பெண்கள் சீலைகளை வெட்டி மண்மூட்டை தைத்தார்கள். அம்மாவும் பெட்டியைத் திறந்தார். "பட்டு நெருக்கமான நெசவு பிள்ளை, மண் ஒழுகாது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு முழக் கரையை மட்டும் வெட்டி எடுத்து, அடையாள அட்டைகளையும் காணி உறுதியையும் அதால் சுற்றிக் கட்டினார். வட்டுவாகல் பாலத்தையும் செட்டிகுளம் முகாமையும் அது அப்படித்தான் கடந்தது.

இப்போது அது என் முன்னால் இருக்கிறது. முடிச்சு விழுந்த இடத்தில் பொன்னும் வெள்ளியும் தேய்ந்து, உள்ளிருந்த சிவப்பு நூல் தெரிகிறது. கோர்வை விடவில்லை, கரையோரம் இரண்டு விரல் அகலத்துக்கு அரக்குச் சிவப்பு இன்னும் ஒட்டியிருக்கிறது.

போரைக் கடந்த நெசவு வேறிடத்திலும் உண்டு. ஜப்பானின் பொன்னிழைப் பட்டுக்குப் பேர்போன கியோத்தோப் பகுதி நிஷிஜின். 'மேற்கு முகாம்' என்பது பொருள். 1467 முதல் 1477 வரை நடந்த போரில் சிதறிப்போன நெசவாளர்கள், படைமுகாம் இருந்த அந்த இடத்துக்குத் திரும்பித் தறி போட்டார்கள். அதே நாட்டில், நாராவின் சோசோயின் களஞ்சியத்தில் எட்டாம் நூற்றாண்டுப் பட்டுகளை, நைந்த துண்டுகளைக்கூட, இன்றும் பேணுகிறார்கள்.

வன்னியில் எத்தனை வீட்டுப் பெட்டிகளில் இப்படிப்பட்ட துண்டுகள் கிடக்கும்! பழந்துணி என்று எறிந்துவிடாதீர்கள். யார் கலியாணத்துக் கூறை, எந்த ஆண்டு, எங்கே வெட்டப்பட்டது என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்து வையுங்கள். அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதி வைத்துவிட்டேன். அடுத்த முறை மடிப்பை மாற்றப்போவது நான்.